ஆரோக்கியமான மனிதன் வேஷம்

மேடையில் நான் போடாத வேஷம் இல்லை. கொலைகாரனாக வந்திருக்கிறேன், குருடனாக வந்திருக்கிறேன், ஒரே நாடகத்தில் மாமனாராகவும் மருமகனாகவும் வந்து எனக்கு நானே பெண் கொடுத்திருக்கிறேன். எதற்கும் அசந்ததில்லை. கடைசியில் என்னைக் குப்புறக் கவிழ்த்தது ஆரோக்கியமான மனிதன் வேஷம்.

நாடகக் குழு கலைந்த கதையைச் சொல்லி அழப்போவதில்லை. கூட்டம் வரவில்லை, கலைத்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நர்சிங் கல்லூரி வேலை கொடுத்தது. மனநலப் பாடம் படிக்கும் மாணவிகளை எடுத்த எடுப்பில் நிஜ நோயாளிகளிடம் அனுப்ப முடியாது. நோயாளி கண் கலங்குவதற்குள் இவர்கள் தேம்பித் தேம்பி அழுதுவிடுவார்கள். அதனால் முதலில் ஒரு பொய் நோயாளியிடம் பேசிப் பழக வேண்டும். அந்தப் பொய் நோயாளி நான். மாணவிகள் என்னை 'பேஷன்ட் சார்' என்றே கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, மேடையை விட்டு இறங்கியும் நமக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பயிற்சி அறைதான் எனக்கு மேடை. இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், சுவரில் ஒரு கடிகாரம். கட்டிலில் மாணவிகள் ஊசி போட்டுப் பழகும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று படுத்திருக்கும். அதற்குப் போர்வை உண்டு, தலையணை உண்டு, வாரம் ஒருமுறை முகம் துடைத்து விடுவார்கள். எனக்கு டீகூட நான் வாய்விட்டுக் கேட்டால்தான் வரும்.

பாடம் நடத்தும் டியூட்டர் மேடத்துக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். மனச்சோர்வு நோயாளியாக நடிக்கச் சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்து, மார்பில் அடித்துக்கொண்டு, "இனி எனக்கு யார் இருக்கிறார்கள்!" என்று ஓலமிட்டேன். முன் வரிசையில் இரண்டு மாணவிகள் கைதட்டினார்கள். மேடம் தட்டவில்லை.

"சார், டிப்ரஷன்ல இருக்கறவர் இவ்ளோ சத்தம் போட மாட்டாரு."

"கடைசி வரிசைக்குக் கேக்க வேணாமா மேடம்?"

"கடைசி வரிசையே கிடையாது. எதிர்ல ஒரு பொண்ணுதான் உக்காந்திருக்கா."

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. இந்த ஆளுக்கு என்ன சோகம்? மனைவி ஓடிப்போனாளா, வீடு எரிந்துபோனதா? காரணம் தெரியாமல் ஒரு நடிகன் எப்படி அழுவான்? அதையும் கேட்டேன்.

"காரணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றார் மேடம். "இது ஒரு நோய் சார். சர்க்கரை ஏறினவர்கிட்ட போய், உனக்கு என்ன குறை, ஏன் ஏறுச்சுன்னு கேப்பீங்களா?"

காரணமே இல்லாமல் ஒருவன் சோர்ந்துபோவானாம்! எந்த நாடகத்தில் இது எடுபடும்? வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. இந்த மேடத்தின் வாயை அடைக்கிற மாதிரி அந்த வேஷத்தைச் செய்து காட்டாவிட்டால் நான் நடிகனே இல்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒத்திகையில் இறங்கினேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, துணி ஆல்டர் செய்து கொடுக்கிறாள். கால் மெஷினை மிதிக்கும், கை துணியைத் தள்ளும், வாய் வாடிக்கையாளரோடு பேசும், கண் மட்டும் என்மேல் இருக்கும். நான் ஒவ்வொரு வேஷத்துக்கும் வீட்டில் ஒத்திகை பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது. "இந்த மாசம் என்ன வியாதி?" என்று கறிகாய் விலை கேட்பதுபோலக் கேட்பாள்.

இந்தமுறை ஒத்திகை பிரமாதமாகப் போனது. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். கட்டிலின் ஓரத்தில் சட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருப்பேன். போட வேண்டும் என்று தெரியும், போடத் தோன்றாது. சாப்பாடு இறங்கவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. வேஷம் உடம்பில் ஊறிவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். மனைவிக்கோ பெருமை பிடிபடவில்லை. நான் இருக்கிற அறைப்பக்கம் யாராவது சத்தம் போட்டால், "ஷ்ஷ்... அவரு ரோல்ல இருக்காரு" என்று அடக்குவாள். ரேடியோவை நிறுத்திவிட்டாள். என் பேன்ட்டின் இடுப்புச் சுற்றளவைக் குறைத்துத் தைக்கும்போது வாடிக்கையாளர்களிடம் காட்டினாள். "பாத்தீங்களா? வேஷத்துக்காக இளைச்சுக்கிட்டே போறாரு. யார் இந்தக் காலத்துல இப்படி உழைக்கறாங்க?"

இப்படி இருக்கும்போதுதான் ஆண்டுத் தேர்வு வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டார். ஏதாவது பெரிய நோயாகக் கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

"இந்தத் தடவை நீங்க ஆரோக்கியமான ஆள் சார்."

"அப்புறம் எப்ப நோய் வரும்?"

"வராது. கடைசி வரைக்கும் ஆரோக்கியம்தான்."

விஷயம் இதுதான். போன வருட மாணவிகள் பாடத்தைப் படித்துவிட்டு, கண்ணில் பட்ட ஆட்களுக்கெல்லாம் நோய் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். காசாளர் பணத்தை இரண்டாம்முறை எண்ணினால் ஒரு நோய், காவல்காரர் தனக்குத்தானே பாடினால் ஒரு நோய். மேடத்துக்கு மண்டை காய்ந்துவிட்டது. "மனநலம்னா என்னன்னுதான் முதல் பாடம். அதையே விட்டுட்டாங்க. கவலையே இல்லாதவர்தான் ஆரோக்கியமானவர்னு பாத்தா உலகத்துல ஒருத்தரும் தேற மாட்டாங்க. கவலை வரும், கோபம் வரும். அதோட சேத்து வேலையைப் பாக்கறாரா, தூங்கறாரா, நாலு பேரோட பழகறாரா, விழுந்தா எந்திரிக்கறாரா, அதைத்தான் பாக்கணும். உங்களைப் பாத்துட்டு 'இவருக்கு நோய் இல்ல'ன்னு சொல்ற தைரியம் இவங்களுக்கு வருதான்னு பாக்கப் போறேன்."

கூடவே இன்னொன்றும் சொன்னார். பிரின்சிபாலுக்குப் பேசும் பொம்மை ஒன்று கண்ணில் பட்டுவிட்டதாம். பட்டனை அழுத்தினால் அழுமாம், இன்னொரு பட்டனை அழுத்தினால் சந்தேகப்படுமாம். விலைப்பட்டியல் வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறார். தேர்வன்று பக்கத்து அறையில் அவரும் உட்காரப்போகிறார். "நீங்க இதைச் சரியா பண்ணிட்டா நான் உங்களுக்காகப் பேசுவேன். சொதப்பிட்டீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

என்னிடம் மிச்சம் இருந்தது இந்த ஒரு மேடைதான். இதையும் ஒரு பிளாஸ்டிக்காரனிடம் பறிகொடுத்தால் நான் எங்கே போய் நிற்பேன்? அந்தக் கவலையில் வசனத்தாளைக் கேட்டேன். வசனமே கிடையாது என்றார்.

ஆரோக்கியமான ஆட்களைக் கவனித்துப் பழகலாம் என்று பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். ஒருவர் காற்றில் கையை ஆட்டி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், காதில் ஒயர் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஒரு அம்மாள் வராத பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்து அதற்குச் சாபம் விட்டார். ஒரு பையன் செல்போனைப் பார்த்துச் சிரித்தான், உடனே முகம் தொங்கியது, உடனே மறுபடி சிரித்தான். இவர்கள் எல்லாரும் ஆரோக்கியமானவர்கள் என்றால் நான் எதைப் பார்த்து நடிப்பது?

மனைவியிடம் கேட்டேன். "நல்லா இருக்கற ஆள் எப்படி இருப்பான்?"

"என்னைப் பாருங்க, தெரியும்" என்றாள். அதே மூச்சில் மெஷினைக் கையால் ஒரு அடி அடித்து, நூல் அறுந்ததற்கு அந்த நூல் கம்பெனிக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். பிறகு நூலைக் கோத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வு நாள். மாணவிகள் ஒவ்வொருவராக வந்து என்னோடு பேச வேண்டும். மணி அடித்ததும் பக்கத்து அறைக்குப் போய் மேடத்திடமும் பிரின்சிபாலிடமும் 'இவருக்கு இன்னது' என்றோ 'ஒன்றும் இல்லை' என்றோ சொல்ல வேண்டும். இடையில் இருந்தது பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

முதலில் வந்தவளுக்கு வகுப்பில் வாயாடி என்று பெயர். ஆரோக்கியம் என்றால் தெம்பு என்று முடிவு கட்டியிருந்தேன். துள்ளி எழுந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, "வாம்மா வா! எனக்கு ஒரு குறையும் இல்ல! உலகத்துக்கே சாப்பாடு போடுவேன்!" என்று வெடிச்சிரிப்பு சிரித்தேன். கட்டிலில் இருந்த பொம்மையே அதிர்ந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "அளவுக்கு மீறின உற்சாகம் மேடம். கையை விடவே மாட்டேங்கறாரு. உடனே அட்மிட் பண்ணணும்."

சரி, அடக்கி வாசிப்போம் என்று அடுத்தவளுக்கு அமைதியாக உட்கார்ந்தேன். இவள் புத்தகப்புழு. நான் முகத்தில் ஒரு இனிய புன்னகையை மாட்டிக்கொண்டு, அதைக் கடைசி வரைக்கும் கழற்றவே இல்லை. போகிறபோது ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எதுக்கெடுத்தாலும் ஒரே சிரிப்பு மேடம். அப்பா எப்ப தவறினாருன்னு கேட்டேன். அதுக்கும் அதே சிரிப்பு. உணர்ச்சிக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்ல."

மூன்றாமவள் பயந்தாங்கொள்ளி. இவளிடம் வாயைக் கொடுக்காமல் இருப்பதுதான் உசிதம் என்று பட்டது. அவள் எதைக் கேட்டாலும், "இதை ஏன் கேக்கறே?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்குக் குரலே எழும்பவில்லை. பக்கத்து அறையில், "சந்தேக நோய் மேடம், நான் பக்கத்துல போகவே இல்ல" என்று சொன்னது மட்டும் நன்றாகவே கேட்டது. பிரின்சிபால் விழுந்து விழுந்து சிரித்ததும் கேட்டது. பொம்மை விற்பவனுக்குப் போன் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"ஆரோக்கியமா இருக்கேன் மேடம்."

"இதுவா? ஒரே ஆளு மூணு நோய் வாங்கிட்டீங்க! தயவுசெஞ்சு நடிக்காதீங்க. சும்மா உக்காருங்க. கேட்ட கேள்விக்கு உங்களுக்கு என்னவோ அதை அப்படியே சொல்லுங்க. இன்னும் ஒருத்திதான் பாக்கி. அவளாவது 'நோய் இல்ல'ன்னு சொன்னா நான் பிரின்சிபால்கிட்ட ஏதாவது பேசிப் பாக்கறேன்."

அந்த ஒருத்தி ஆமை. இதே தேர்வில் ஏற்கெனவே கோட்டை விட்டவள். படிப்பில் குறை இல்லை, வேகம்தான் கிடையாது. ஒரு கேள்வி கேட்பாள், பதில் வரும், பதில் வந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பாள். மணி அடிக்கும்போது பாதிக் கேள்விகள் கிணற்றில் போட்ட கல்லாக அப்படியே கிடக்கும். இந்தமுறையும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். என் வேலை இவள் கையில் இருக்கிறதே என்று நொந்துகொண்டேன்.

நாற்காலியை எனக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"தூக்கம் எப்படி சார்?"

"நல்லா தூங்குவேன்."

அடுத்த கேள்விக்குப் போக வேண்டியவள் போகவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை ஏறினவனுக்குத்தான் தெரியும், மௌனம் எவ்வளவு பயங்கரம் என்று. எதிராளி வசனத்தை மறந்துவிட்டால் எதையாவது சொல்லி நாம் இட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். ஆயுள் முழுக்க வந்த பழக்கம். நிரப்பினேன்.

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துரும். அதுக்கப்புறம் தூக்கம் கிடையாது."

தலையாட்டினாள். மறுபடி மௌனம்.

"எந்திரிச்சுப் பல்லு விளக்கணும்னு நினைச்சாலே மலையைப் பொரட்டற மாதிரி இருக்கும்."

"சாப்பாடு சார்?"

"சாப்பிடுவேன்." அவள் காத்திருந்தாள். "வீட்டுல அவ பாக்காதப்போ தட்டுல இருக்கறதைத் திரும்பப் பாத்திரத்துல போட்டுருவேன்."

"முன்னாடி உங்களுக்கு எதெல்லாம் பிடிக்கும்?"

"அடுத்தவன் நடிப்பைக் குறை சொல்றது பிடிக்கும். அதுக்காகவே நாடகம் பாக்கப் போவேன்."

"இப்போ?"

"எவன் எப்படி நடிச்சா எனக்கென்னன்னு இருக்கு."

இதைச் சொன்னபிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பேச்சு ஏடாகூடமாகப் போகிறது என்று புரிந்து, அவசரமாகச் சமாளித்தேன். "தப்பா எடுத்துக்காதே. இதெல்லாம் ஒத்திகை. டிப்ரஷன் வேஷத்துக்காக."

ஆமை யோசித்தாள். அவள் யோசிப்பதை எதிரில் இருந்து பார்க்கலாம், அவ்வளவு மெதுவாக நடக்கும்.

"அது போன வருஷம் பண்ணது இல்லையா சார்? நானும் அப்ப இருந்தேனே. இந்த வருஷம் நீங்க அந்த ரோல் பண்ணவே இல்லையே. இப்போ எதுக்கு ஒத்திகை?"

நான் மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். அந்த வேஷம் முடிந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. நடுவில் குடிகாரனாகவும் சந்தேகப்பேர்வழியாகவும் நடித்து முடித்திருந்தேன். அந்த வேஷங்களெல்லாம் கல்லூரி வாசலிலேயே என்னை விட்டு இறங்கிப் போய்விட்டன. இது மட்டும் வீடு வரைக்கும் வந்து, கட்டிலில் என் பக்கத்தில் படுத்து, என்னோடு கண் விழித்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஒத்திகை என்று பெயர் வைத்திருந்தேன். பயந்துபோனேன்.

ஆமை நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

"சார், ஒண்ணு நேரடியாவே கேக்கறேன். வாழவே வேணாம்னு தோணுதா?"

இந்தக் கேள்வியை மாணவிகள் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வெளுத்து வாங்கியிருக்கிறேன். இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சாகணும்னு இல்லம்மா. காலையில கண்ணு முழிக்காமலே இருந்துட்டா தேவலைன்னு சில நாள் தோணும்."

"ஏதாவது பண்ணிக்கலாம்னு எப்பவாவது..."

"இல்ல, இல்ல. அதுக்கெல்லாம் தெம்பு வேணுமே."

தமாஷாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார்" என்றாள். "இதை நான் மேடம்கிட்ட சொல்லியாகணும். உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலைத் தாழ்த்தி, மேடையில் மறந்தவனுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தேன். "அடியே, உனக்குப் புண்ணியமா போகும். 'நோய் இல்ல'ன்னு சொல்லிடு. அதுதான் சரியான பதில். மார்க் அதுக்குத்தான்."

அதையும் நிதானமாக யோசித்தாள்.

"அப்படியா சார்?" என்றாள். "ஆனா நீங்க அப்படி இல்லையே."

மணி அடித்துவிட்டது. இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று தேர்வில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அவள் கேட்கவே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சொல்வது கேட்டது. கூட்டாமல் குறைக்காமல், நான் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். பிரின்சிபாலின் குரல் குறுக்கே வந்தது. "ஏம்மா, ஆரோக்கியமான ஆளைக் கொண்டுவந்து உக்கார வெச்சா நீயும் நோயைக் கொண்டு வர்றியே. பூஜ்யம் போட்டுட வேண்டியதுதான்." அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

மேடம் கேட்டார். "சார், இவ சொல்றது நீங்க சொன்னதா? இல்ல இவளா கற்பனை பண்ணிக்கிட்டாளா?"

ஒரே ஒரு பொய் போதும். 'நான் நல்லா இருக்கேன்னுதானே சொன்னேன்' என்று முகத்தைச் சுளித்தால் முடிந்தது. ஆமைக்குப் பூஜ்யம், எனக்கு வேலை. இதைவிடப் பெரிய பொய்களை இதைவிடப் பெரிய கூட்டத்தின் முன்னால் சொன்னவன் நான். பிரின்சிபால் அந்தப் பொம்மை விலைப்பட்டியலைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார். ஆமை என்னைக் கெஞ்சலாகப் பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் பார்க்கவில்லை. நான் உண்மையைத்தான் சொல்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாததுபோல நின்றாள். இத்தனை மாதத்தில் என்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவளை மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

"நான்தான் சொன்னேன் மேடம்" என்றேன். "நிஜமாத்தான் சொன்னேன்."

"ஆஹா, என்ன நடிப்பு!" என்றார் பிரின்சிபால். "இதுக்குத்தான் மேடம் பொம்மை வாங்கலாம்னேன். பொம்மைக்கு உடம்பு சரியில்லாம போகுமா?"

"சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் மேடம். பிரின்சிபாலைப் பார்த்து அந்தக் குரலில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, மறுபேச்சு பேசாமல் போய்விட்டார்.

மேடம் மாணவி நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த மார்க் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாரா வாரம் உங்களைப் பாக்கறேன்" என்றார். "சட்டை தொளதொளன்னு ஆனதைக்கூடப் பாத்தேன். ஏதோ வேஷத்துக்காகன்னு நினைச்சு விட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க சார்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலை போயிடுமா மேடம்?"

"காய்ச்சல் வந்தா வேலை போயிடுமா? முதல்ல டாக்டரைப் பாப்போம். வேலையைப் பத்தி நான் சண்டை போட்டுக்கறேன்." பிறகு ஆமையைப் பார்த்து, "கிழமை, இடம், நினைவாற்றல் ஒண்ணும் கேக்கல. அதுக்கெல்லாம் மார்க்கைக் குறைச்சாச்சு" என்றார். ஆமையின் முகம் வாடியது. "மிச்சத்துல பாஸ். இப்பவாவது சீக்கிரம் நடந்து போய் டோக்கன் வாங்கிட்டு வா."

மருத்துவமனை அதே காம்பவுண்டில்தான் இருந்தது. சீட்டு கொடுக்கும் ஆள் என்னைக் கண்டதும் குஷியாகிவிட்டார். "வாங்க பேஷன்ட் சார்! இன்னைக்கு என்ன வேஷம்?" ஆமை அவரிடம், "இன்னைக்கு வேஷம் இல்ல அண்ணே" என்று அமைதியாகச் சொல்லி டோக்கனுக்குக் கையை நீட்டினாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டாக்டரிடம் காரணத்தைக் கேட்டேன். மனைவி தங்கமானவள், கட்டிக்கொடுத்த மகள் நன்றாக இருக்கிறாள், எனக்கு என்ன குறை, எனக்கு ஏன் இது? அவரும் மேடம் சொன்னதையேதான் சொன்னார். காரணம் தெரிந்தால் பேசுவோம், தெரியாவிட்டாலும் மருந்து வேலை செய்யும், ஆனால் இரண்டு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும். மனதில் பட்டதையெல்லாம் எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டிய அவசியமில்லை, ஆனால் விழிக்க வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். கடைசியாக, "வீட்டுல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். "இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார்.

மேடத்திடம் சொல்லியாயிற்று, டாக்டரிடம் சொல்லியாயிற்று, என் மனைவியிடம் இதைச் சொல்வதை நினைத்தால்தான் மலைப்பாக இருந்தது. ஊர்பூராவும் என் உழைப்பைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருக்கிறாளே.

வீட்டுக்குள் நுழைந்தபோது மெஷின் முன்னால் ஒரு அம்மாள் ரவிக்கை அளவைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மனைவி, "ஷ்ஷ்" என்று அவளை அடக்கினாள். அந்த அம்மாள் பயபக்தியோடு எழுந்து, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

"தேர்வு எப்படிங்க போச்சு? நல்லா பண்ணினீங்களா?"

"இல்ல." பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன். மருந்துப் பையை மெஷின்மேல் வைத்தேன். "இங்க பாரு. இவ்ளோ நாளா நான் பண்ணிக்கிட்டிருந்தது ஒத்திகை இல்ல."

"அப்புறம்?"

"ஒத்திகை இல்ல. அவ்ளோதான். எனக்கு உடம்பு சரியில்ல. மனசு சரியில்ல. டாக்டர் சொல்லிட்டாரு."

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விடியற்காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததா, தட்டில் மிச்சம் வைத்ததா, கூப்பிட்டால் பதில் சொல்லாததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரியின் துணியையே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றாள் விம்மலுக்கு நடுவில். "நீங்க வாழ்நாள்ல ஒரு தடவைகூட இவ்ளோ நல்லா நடிச்சதில்லையே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் எனக்கு வந்த முதல் கோபம் அது. "ஒரு தடவைகூடவா?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே, "ஒரு தடவைகூட இல்ல" என்று சொல்லி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.